பாய்லர் வேலைக்குக் கட்டிய புடவை

என் அம்மா பாய்லருக்கு லேகிங் போடும் கூட்டத்தில் வேலை செய்தாள். தொழிற்சாலையில் நீராவி உண்டாக்கும் அந்தப் பெரிய இரும்பு உருளையைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சை அடுக்கிக் கட்டி, மேலே அலுமினியத் தகடு போட்டு மூடுவார்கள். உள்ளே இருக்கும் சூடு வீணாக வெளியே போகக் கூடாது, பக்கத்தில் போகும் ஆளைச் சுடவும் கூடாது என்பதற்காக. பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில் எங்களை ஒவ்வொருவராக எழுப்பி, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் கூலி வேலை என்று சொல்லவில்லை. "எங்கம்மா பாய்லர் இன்சுலேஷன் செய்றாங்க சார்" என்றேன். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அப்பா மில்லில் இருந்தார். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அக்கா பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததே என்னைக் கொண்டுபோய் விடுவதற்காகத்தான். அம்மா தட்டாஞ்சாவடியில் ஒரு இன்சுலேஷன் கான்டிராக்டரின் ஷெட்டில் கண்ணாடிப் பஞ்சு தைக்கப் போனாள். அக்கா சோறாக்கி, துணி துவைத்து, எனக்குத் தலை பின்னி விட்டு வளர்ந்தாள். இரண்டு பேர் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார்கள். பரீட்சை முடிவு வரும்போதெல்லாம் நான் தலை நிமிர்ந்து நடந்ததற்கு அது ஒரு காரணம். குனிந்து நடந்தால் அவர்கள் இரண்டு பேரையும் குனிய வைத்தது போலாகும் என்று நினைத்தேன்.

கண்ணாடிப் பஞ்சைத் தூரத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் நிறத்தில், திருவிழாவில் விற்கும் பஞ்சு மிட்டாய் போலத்தான் இருக்கும். கையில் எடுத்தால் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி இழைகள் தோலுக்குள் இறங்கி நிற்கும். சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். கரும்புத் தோகையில், மூங்கிலில் இருக்கிற அரிப்புக்கு என்ன பெயரோ அதே பெயரைத்தான் அம்மாவின் கூட்டத்தில் இதற்கும் வைத்திருந்தார்கள். சொணை. "இன்னிக்குச் சொண ஜாஸ்தி" என்றால் அன்றைக்கு அம்மா சாப்பிடாமல்கூடப் படுத்துவிடுவாள்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வேலைக்குக் கட்டும் புடவை வீட்டுக்குள் வரக் கூடாது. அம்மா வந்ததும் நேராகப் பின்பக்கம் போவாள். கட்டிய புடவையோடு பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வாள். வெந்நீர் ஊற்றினால் தோல் விரிந்து சொணை உள்ளே போய்விடும் என்பது அவர்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தேய்க்கவும் மாட்டாள். தண்ணீரே வழித்துக்கொண்டு போகட்டும் என்று நிற்பாள். அப்புறம் புடவையை அவிழ்த்து அங்கேயே அலசி, தனிக் கொடியில் போட்டு, காய்ந்ததும் மூடி போட்ட ஒரு தகர டின்னில் வைப்பாள். நாங்கள் அந்த டின்னைத் தொடக் கூடாது. வீட்டில் கட்டுவதற்கு அவளிடம் இருந்தவை எல்லாம் நைலக்ஸ் புடவைகள். பருத்திப் புடவை வேலைக்கு மட்டும்தான். பக்கத்திலேயே வெல்டிங் நடக்கும். ஒரு பொறி தெறித்தால் நைலக்ஸ் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது நான் ஐந்தாவது படிக்கும்போது. மாப்பிள்ளை வீடு விழுப்புரம் போகிற வழியில் ஒரு கிராமம். கரும்பும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம். மாமா ஊரில் பாதி நாள், இங்கே ஒரு கம்பெனியில் பாதி நாள். நல்லவர். அக்காவுக்கு வருடக்கணக்காகக் குழந்தை இல்லை. மாமியார் வாய் திறந்து குத்திக் காட்டியதில்லை. ஆனால் யார் வீட்டு வளைகாப்புக்கும் அக்காவைக் கூட்டிப்போகவும் இல்லை. அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டே இருப்பாள். கழுவிய பாத்திரத்தையும் மறுபடி கழுவுவாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நிற்பாள்.

ஒரு நாள் தெருமுனைக் கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து மாமாவிடம் பேசிவிட்டு வந்த அம்மா, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று கேட்டேன். "உங்கக்கா முழுவாம இருக்காளாம்" என்றாள். அன்றிலிருந்து அவள் நடையே மாறியது. டெம்போவில் வேலைக்குப் போகும்போது கூட இருக்கும் பெண்களிடம் அதைத்தான் பேசினாளாம். "பாய்லர் வயித்தப் பாத்தாகூட உங்கம்மாவுக்குப் பொண்ணு நெனப்புதான்" என்று ஒருத்தி என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

இதை அவள் என்னிடம் சொன்னது சேதராப்பட்டில். அந்த வருடம் பாலிடெக்னிக்கிலிருந்து எங்களை ஆறு மாதத் தொழிற்சாலைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த தொழிற்சாலையில் புதிய பாய்லர் ஒன்று நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு லேகிங் போட வந்தது அம்மாவின் கூட்டம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் பேனாவோடு நான் பாய்லர் ஹவுஸுக்குள் நுழைந்தபோது, தரையில் உட்கார்ந்து பஞ்சு தைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "எந்திரிங்கடி, இன்ஜினியரு வராங்க. அவங்கம்மா மட்டும் ஒக்காந்துக்கலாம்" என்றாள். அம்மா முகத்தைத் துண்டால் கட்டியிருந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண் சிரித்தது.

அம்மா வேலை செய்வதை நான் முழுதாகப் பார்த்தது அங்கேதான். புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, கைக்கு மேல் அறுத்துப் போட்ட சாக்ஸ், கழுத்தில் அப்பிய பவுடர். சுருட்டி வந்த பஞ்சை விரித்து, அளந்து அறுத்து, கோழி வலை போன்ற கம்பி வலையின்மேல் வைத்து, கோணி ஊசி போன்ற ஒரு நீள ஊசியில் கம்பி கோத்து மெத்தை தைப்பது போலத் தைப்பார்கள். பாய்லரின் உடம்பில் வரிசையாகக் குச்சி குச்சியாகக் கம்பிகள் வைத்து வெல்டு செய்திருக்கும். தைத்த மெத்தையை ஆண்கள் தூக்கிப் பிடித்து அந்தக் கம்பிகளில் குத்தி ஏற்றுவார்கள். ஒரு மெத்தைக்கும் அடுத்த மெத்தைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இடத்தில் சூடு பிதுங்கும். அந்த விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பது பெண்கள் வேலை. சாரத்தில் ஏறி நின்று, பாய்லரைக் கட்டிப் பிடித்த மாதிரி சாய்ந்துகொண்டு தைப்பார்கள். வெயில் காலம். தகரக் கூரை. "நமக்கு வேர்த்து ஊத்துது, இந்த மகராசனுக்குக் கம்பளி கேக்குது" என்று ஒருத்தி பாய்லரைத் திட்டினாள்.

நான் அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கப் போனேன். "கிட்ட வராத, அங்கியே வெச்சிட்டுப் போ" என்றாள். அதற்குள் என் முழங்கையின் உட்பக்கம் ஒரு மெத்தையில் உரசிவிட்டது. அன்றைக்கு முழுதும் அந்த இடம் எரிந்தது. பார்த்தால் ஒன்றுமில்லை, லேசான சிவப்பு. தொட்டால் ஆயிரம் ஊசி. அம்மாவிடம் காட்டியபோது, "எனக்கெல்லாம் கை மரத்துப் போச்சி. மொதல்ல எனக்கும் இப்படித்தான்" என்றாள். அவள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தேன். தோல் தடித்து, மழமழவென்று, விளக்கெண்ணெய் தடவிய பலகை போல இருந்தது.

ஏழாவது மாதம் வளைகாப்பு முடிந்து அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும். பிறந்து மூன்றாம் மாதம்வரை தாயும் பிள்ளையும் எங்களோடு இருப்பார்கள். அந்த மூன்று மாதத்தைத்தான் அம்மா எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரியிடம் சொல்லி வேலையிலிருந்து நின்றாள். வேலைக்குப் போய்க்கொண்டு பச்சைப் பிள்ளையைத் தொட முடியாது என்று அவளே சொன்னாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நின்ற அன்று மீதியிருந்த வேலைப் புடவைகளை டின்னோடு கொண்டுபோய் ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

அக்காவைக் கொண்டுவந்து விட்ட அன்று மாமியார் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். விட்டத்தில் தூளி கட்டக் கொக்கி இருக்கிறதா என்று பார்த்தார். "பச்ச ஒடம்பு. நைலக்ஸ்ல போட்டா வெந்து போயிடும். நல்ல பழைய பருத்திப் பொடவையா பாத்துக் கட்டு சம்மந்தி" என்றார். அம்மா தலையாட்டினாள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. தீட்டுக் கழிந்து பெயர் வைக்கும்வரை பழைய துணியில்தான் சுற்றுவார்கள், பழைய புடவையில்தான் தூளி கட்டுவார்கள். அதுவும் குழந்தையின் அம்மாவைப் பெற்றவள் கட்டிய புடவையாக இருந்தால் பிள்ளை பயப்படாமல் தூங்கும் என்பார்கள். நூறு முறை துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆன புடவைக்கு ஈடாக எந்தக் கடைத் துணியும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஆகியிருந்த புடவை எது என்று இப்போது யோசித்தால் யாருக்கும் புரியும். தினமும் துவைக்கப்பட்ட பருத்திப் புடவைகள் அம்மாவின் வேலைப் புடவைகள் மட்டும்தான்.

அம்மா அதை யோசிக்காமல் செய்யவில்லை. அக்கா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அந்த வாரமே, டின்னில் இருந்ததிலேயே மெல்லிய புடவை ஒன்றைத் தனியாக எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அதை வேலைக்குக் கட்டவில்லை. நான் கல்லூரிக்குப் போன நேரங்களில் பானையில் வெந்நீர் கொதிக்க வைத்து, சோப்புத்தூள் போட்டு வேக வைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டு, மறுபடி வேக வைத்திருக்கிறாள். மாதக்கணக்கில். புடவையின் நீலம் போய் வெளுத்துச் சாம்பலாகி, என்ன புடவை என்றே தெரியாமல் ஆகிவிட்டது. அப்புறம் உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் குத்தவில்லை. மடித்து வசம்புத் துண்டோடு பெட்டியில் வைத்தாள். தெருவில் யாரிடமாவது ஒரு பழைய பருத்திப் புடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். பக்கத்து வீட்டு அத்தை தானாகவே எடுத்து வந்து நீட்டினாள். "அடுத்த வூட்டுப் பொடவையிலயா எம் பேரப்புள்ளயப் போடுவேன்" என்று அம்மா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் கர்வம் எனக்கு மட்டும் இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

பெண் குழந்தை. அரசு ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்தபோது அம்மா வாங்கிக்கொண்டு வெகுநேரம் யாரிடமும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் குளிப்பாட்டினாள். முற்றத்தில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தடவி, மூக்கு நீவி, வெந்நீர் ஊற்றுவாள். குழந்தை அவள் காலில் கிடக்கும்போது அழுததே இல்லை. குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி, வெளுத்த அந்தப் புடவையில் கட்டிய தூளியில் போடுவாள்.

தூளியில் போட்டதும் அழும். எடுத்தால் நிறுத்தும். போட்டால் அழும்.

மடி தேடுகிறது என்றார்கள் எல்லோரும். வயிற்று வலி என்று வசம்பைச் சுட்டு உரைத்துத் தொட்டு வைத்தார்கள். அக்கா பத்தியம் தப்பியிருப்பாள் என்று அவள் சாப்பாட்டை இன்னும் குறைத்தார்கள். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் செக்கச் செவேலென்று சிறு சிறு புள்ளிகள் வந்தன. பச்சைக் குழந்தைக்கு வரும் செவ்வாப்பு என்று ஒருத்தி சொன்னாள். அம்மை என்று இன்னொருத்தி சொன்னாள். அம்மா வேப்பிலை பறித்து வந்து தூளிக்குள் பரப்பினாள். அந்தியில் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். குழந்தை தொண்டை கம்மிப் போகும்வரை அழுதது. கண் ஒன்று சிவந்து, ஓரத்தில் பீளை கட்டியது. அம்மா உறங்காமல் தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆட்டினால் தூங்கும் என்று நினைத்தாள்.

பயிற்சியின் கடைசி வாரம். சாயங்காலம் நான் திரும்பியபோது அக்கா அப்போதுதான் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டிருந்தாள். உள்ளே இருந்த ஈரத்துணியை மாற்ற நான் தூளிக்குள் கையை விட்டேன். முழங்கையின் உட்பக்கம் புடவையில் பட்டது.

எனக்கு அந்த எரிச்சல் தெரியும்.

கையை வெளியே எடுத்து விளக்கின் கீழே பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி விட்டுப் பார்த்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, என்னடி என்றாள். இது எந்தப் புடவை என்று கேட்டேன். அவள் வந்து புடவையைக் கொத்தாகப் பிடித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். இன்னொரு கையாலும் தேய்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்போது அவள் முகம் மாறியது.

"எனக்குத் தெரியலடி" என்றாள். "தடவித் தடவிப் பாத்தேன். கையில ஒண்ணும் தெரியல."

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். புடவையைக் கழற்றியது நான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னதும் நான். கண்ணுக்குச் சொட்டு மருந்து, உடம்புக்கு ஒரு களிம்பு. துணியை மாற்றிவிட்டீர்கள் அல்லவா, இனி சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அம்மா உள்ளே வரவில்லை. வெளியே தூணோரம் நின்றிருந்தாள். நான் போய்ச் சொன்னேன். "கண்ணு?" என்று கேட்டாள். கண்ணுக்கும் ஒன்றுமில்லை என்றேன். அதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் மாமியாரும் மாமாவும் பேத்தியைப் பார்க்க வந்தார்கள். வருவது முன்பே தெரியும். சொல்ல வேண்டாம், சரியாகிக்கொண்டுதானே வருகிறது என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லியிருந்தாள். நானும் அதையே விரும்பினேன். இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் குழந்தை எங்களோடு இருக்கலாம். ஆனால் மாமியார் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்ததுமே அம்மா எதிரில் வந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. "சொணதான? கரும்பு வெட்டப் போனா எங்களுக்கும்தான் சொண. குளிச்சா போயிடும்" என்றார்.

"இது போவாது சம்மந்தி. இது கண்ணாடி."

மாமியார் குழந்தையை வாங்கித் துணியை விலக்கி முதுகைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் அம்மாவைப் பார்த்தார். கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். பதிலுக்குப் பேச எனக்கும் வாய் இருந்தது. அவர் கத்தவில்லை.

"நீ வேணும்னு செய்யல. நீயா சொன்ன பாரு, அதுவும் பெருசுதான். ஆனா ஏழு வருசம் கழிச்சிப் பொறந்தது. இங்க வுட்டுட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காது" என்றார்.

அன்றைக்கே அக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் மாதம் சீரோடு அனுப்ப வேண்டிய பிள்ளை, ஒரு பழைய துண்டில் சுற்றி, ஆட்டோவில் போனது. அந்தத் துண்டும் மாமியார் தன் பையிலிருந்து எடுத்தது. அக்கா ஏறி உட்கார்ந்த பிறகு அம்மாவைப் பார்த்து, "சாப்புடும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அம்மா ஆட்டோவின் பக்கத்தில் போகவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அடுத்த மாதம் அம்மா லேகிங் வேலைக்குத் திரும்பினாள். என் படிப்பு இன்னும் ஒரு வருடம் இருந்தது. நான் நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவள் என்னை அடிக்கக் கை ஓங்கியது அன்று ஒரு முறைதான். ஓங்கிய கையையும் பாதியில் இறக்கிவிட்டாள்.

குழந்தையைப் பார்க்க ஊருக்குப் போவோம். போவதற்கு முந்தின நாள் அம்மா வேலைக்குப் போக மாட்டாள். காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல், கிளம்பும்போது இன்னொன்று. புடவை கடையிலிருந்து வந்த மடிப்பு கலையாமல் இருக்கும். அங்கே போய்க் கூடத்தில் ஒரு ஓரமாக உட்காருவாள். மாமியார் காப்பி கொடுப்பார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தையை அக்கா தூக்கி வந்து காட்டுவாள். குழந்தையின் தோலில் ஒரு தடம்கூட இல்லை. கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. முதல் இரண்டு தடவையும் மாமியாரே குழந்தையை வைத்துக்கொண்டார், அது உண்மை. மூன்றாம் தடவை அவரே கொண்டுவந்து, "புடி சம்மந்தி" என்று நீட்டினார். அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். நீட்டிய குழந்தை அப்படியே காற்றில் நின்றது. நான் வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அவளிடம் பொறுமையாக விளக்கினேன். படித்ததை எல்லாம் சொன்னேன். இழை துணியில் மாட்டிக்கொள்ளும், தோலில் அப்படி நிலைத்து நிற்காது, தோல் உரிந்து புதுத் தோல் வரும்போது போய்விடும் என்றேன். அம்மா நான் சொன்ன எதையும் மறுத்துப் பேசியதில்லை. எந்தக் காகிதத்தில் கையெழுத்து என்றாலும் நான் சொன்ன இடத்தில் ரேகை வைப்பவள். அன்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எங்கைக்கே தெரியாதது ஒனக்கு எப்படித் தெரியும்" என்றாள்.  

டிப்ளமா முடிந்தது. முதல் வகுப்பு. சேதராப்பட்டிலேயே ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். சம்பளம் வந்த முதல் மாதமே அம்மாவை வேலையை விடச் சொன்னேன். அவளும் விட்டாள். எங்களுக்கு எல்லாம் கூடிவருகிறது என்று நினைத்தேன். கை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. விரல் நுனித் தோல் மெலிந்து, சூடான டம்ளரைத் தொட்டால் இப்போது அவளுக்குச் சுடுகிறது. அவள் சமைக்கிறாள், பூ கட்டுகிறாள், தெருக் குழந்தைகளுக்குத் தலை வாரி விடுகிறாள். பேத்தியை மட்டும் தொடவில்லை.

குழந்தைக்குக் காது குத்து வைத்தார்கள். குலதெய்வம் கோயிலில், மாமரத்தடியில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. பங்காளி முறையில் யாரையாவது உட்கார வைக்கலாம் என்று மாமா சொன்னார். மாமியார் ஒப்பவில்லை. பெற்றவளைப் பெற்றவள் இருக்கும்போது இன்னொருத்தர் எதற்கு என்றார். எல்லோர் முன்னாலும் மணையைப் போட்டார்.  இதைவிடப் பெரிய அழைப்பு அம்மாவுக்கு வரப்போவதில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"வந்து ஒக்காரு சம்மந்தி."

"சின்னவ ஒக்காரட்டும்" என்றாள் அம்மா. கம்மலும் பச்சரிசியும் வெல்லமும் வைத்த தட்டைக் கையில் பிடித்திருந்தாள். கம்மல் அவள் வாங்கியது.

"இன்னும் எத்தினி நாளைக்கு? அன்னிக்கு நான்தான் தூக்கினு போனேன். இன்னிக்கு நான்தான் கூப்புடறேன்."

"நீ கூப்புடற சம்மந்தி. என் கைதான் வர மாட்டங்குது."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆசாரியைப் பார்த்து ஆகட்டும் என்றார். நான் மணையில் உட்கார்ந்தேன். அக்கா குழந்தையை என் மடியில் வைத்தாள்.  குழந்தை எப்போதும் இழுத்து விளையாடும் என் அடையாள அட்டைக் கயிற்றைத் தேடுவது போலக் கழுத்தைத் துழாவிச் சிரித்தது. நான் அதன் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

ஆசாரி ஊசியைக் குத்தியதும் குழந்தை வீறிட்டது. யாராவது தூக்க வேண்டும் என்று இரண்டு கையையும் நீட்டியது. நேர் எதிரில், கைக்கு எட்டும் தூரத்தில், தட்டோடு நின்றிருந்தது அம்மாதான். குழந்தை அவளைப் பார்த்துத்தான் கையை நீட்டியது. அம்மாவின் உடம்பு ஒரு கணம் முன்னால் சாய்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அவள் ஒரு அடி பின்னால் போனாள். "அழாத கண்ணு, ஆயிடுச்சி, ஆயிடுச்சி" என்று அங்கிருந்தே சொன்னாள்.

குழந்தை நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அழுகையின் நடுவே முகத்தைத் திருப்பி, தன் அப்பாவைப் பெற்றவளைத் தேடியது.